எட்டாம் வரிசையின் மூன்று நிமிடம்

காலை ஏழு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு பால் போத்தல். குழந்தைகள் குடிக்கும் பிளாஸ்டிக் போத்தல், மூடி இல்லாமல், அக்காவின் இடது கையில் இருந்தது. எட்டாம் வரிசையின் கடைசி மிளகாய்ச் செடிக்குப் பக்கத்தில் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். செடியின் பையில் செருகியிருந்த சொட்டுக் குழாயைப் பிடுங்கி, அதன் முனையைப் போத்தலுக்குள் விட்டு, வலது கையில் கைத்தொலைபேசியில் ஓடும் விநாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நிமிடம் ஆனதும் போத்தலைக் கண்ணுக்கு நேரே தூக்கினார். அடியில் பழுப்பாகக் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது.

“பதினொண்ணு,” என்றார்.

நூறு மில்லி இருந்திருக்க வேண்டும். அந்தச் சொட்டு முனைகள் மணிக்கு இரண்டு லிட்டர் தரும். மூன்று நிமிடத்துக்கு நூறு. தோட்டத்தில் வரிசைக்கு நூறு பை என்று எட்டு வரிசை. எட்டாவதுதான் பம்பிலிருந்து மிகத் தொலைவு. அக்கா எப்போதும் எட்டாம் வரிசையின் கடைசிச் செடியில் மட்டும்தான் அளப்பார். ஏன் என்று ஒரு முறை கேட்டதற்கு, “கடைசி வீட்டுக்குத் தண்ணி வந்துச்சுன்னா தெருவுக்கே வந்துச்சுன்னு அர்த்தம்,” என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. ஹுத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் தன் மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து, ஐந்து நாள் அங்கே இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். அழைத்து வந்தது நான். ஐந்தரைக்குக் கிளம்பினோம். புந்தோங்கில் அவர் வீட்டில் இறக்கிவிடுவதாகத்தான் பேச்சு. ஈப்போவை நெருங்கும்போது, “கெபுனுக்குப் போயிட்டுப் போலாம் தம்பி,” என்றார். தோட்டத்தை இங்கே எல்லாரும் கெபுன் என்றுதான் சொல்கிறோம். பையைக்கூட வண்டியிலிருந்து இறக்காமல் நேராக எட்டாம் வரிசைக்குப் போனார்.

தோட்டம் லகாட்டைத் தாண்டி, ஈயம் தோண்டிய பழைய குட்டை ஒன்றின் கரையில் இருக்கிறது. மூன்று ஏக்கர் குத்தகை நிலம். அதில் ஒரு ஏக்கரில் பிளாஸ்டிக் கூரை போட்டிருக்கிறார்கள். ஈயத்தைக் கழுவி எடுத்துவிட்டு விட்டுப்போன வெறும் மணல்தான் அங்கே நிலம். புல்லே யோசித்துத்தான் முளைக்கும். அதனால் செடிகள் நிலத்தில் இல்லை. தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பைகளில் நிற்கின்றன. உரமும் தண்ணீரும் கலந்து, மெல்லிய குழாய் வழியாக ஒவ்வொரு பைக்கும் சொட்டுச் சொட்டாகப் போகும். நார்த்தூள் தண்ணீரை ஒரு நாளுக்கு மேல் பிடித்து வைக்காது. பூத்த செடிக்கு இரண்டு நாள் தண்ணீர் குறைந்தால் பூ உதிரும். பூ உதிர்ந்தால் காய் இல்லை.

எண்ணூறு செடியும் பூத்திருந்த வாரம் அது. அக்கா தொழிற்சாலை வேலையை விட்டு, அவர் கணவர், என் மச்சான், லாரி ஓட்டுவதை விட்டு, வேறு வேலை எதையும் கையில் வைத்துக்கொள்ளாமல் இருவரும் வைத்த முதல் போகம்.

எட்டாம் வரிசையில் இலைகள் தொங்க ஆரம்பித்திருந்தன. ஏழாம் வரிசையில் பாதி. நான் ஒரு சொட்டு முனையைத் திருப்பிப் பார்த்தேன். துவாரத்தைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் களிம்பு போல ஒன்று அடைத்திருந்தது. விரலில் தேய்த்தால் துரு.

அந்தக் குட்டைத் தண்ணீரில் இரும்பு அதிகம். இதை அக்கா செடி வைப்பதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தார். குத்தகைத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் குட்டைத் தண்ணீரை இரண்டு போத்தலில் பிடித்தார். ஒன்றை ஈயம், ஆர்செனிக் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்தார். இன்னொன்றை வீட்டுச் சமையலறைச் சன்னலில் வைத்தார். ஆய்வுக்கூடத்திலிருந்து பயப்பட ஒன்றுமில்லை என்று தாள் வருவதற்குள் சன்னல் போத்தலில் கண்ணாடி போல இருந்த தண்ணீர் தேநீர் நிறமாகி, அடியில் துருப் படிந்துவிட்டது. “கீழ்த்தண்ணிக்குக் காத்து கெடைக்காது. அதுவரைக்கும் இரும்பு கண்ணுக்குத் தெரியாம கரைஞ்சி கெடக்கும். காத்து பட்டா வெளிய வந்துரும்,” என்றார். செய்தித்தாளில் முப்பது வருடம் மற்றவர்கள் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்தவனுக்கு, இத்தனை குறைந்த சொற்களில் ஒரு விஷயத்தைச் சொல்கிறவர்களைக் கண்டால் பிடித்துவிடும்.

அவருக்கு இது புதிதல்ல. கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் கழிவுநீர்ப் பிரிவில் இருந்தார். உள்ளே வரும் அழுக்குத் தண்ணீரையும் வெளியே போகும் தெளிந்த தண்ணீரையும் மணிக்கு ஒரு முறை அளந்து எழுதுவது வேலை. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவத்தோடு நின்றவர். பொறியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அக்கா மாறவில்லை. புதிதாக வரும் பொறியாளர் முதலில் தேடுவது அக்காவின் எழுத்தைத்தான் என்று அங்கே வேலை செய்த ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

குட்டைக்கரையில் அக்கா அமைத்திருந்த ஏற்பாட்டை முதல் முறை பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. இரும்புச் சட்டத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்கறிக் கூடைகள் ஐந்து. கூடைகளில் உடைத்த செங்கல். பம்பு தண்ணீரை உச்சிக்கு ஏற்றும். அது கூடை கூடையாகச் சொட்டி இறங்கும்போது காற்றுப் பட்டு இரும்பு துருவாகிவிடும். கீழே இரண்டாயிரம் லிட்டர் தொட்டி. அதில் துரு ஒரு இரவில் அடியில் படியும். மேல்தண்ணீர் ஒரு மணல் பீப்பாய் வழியாகப் போய், மிச்சத் துருவையும் விட்டுவிட்டு, செடிக்குப் போகும். மணல் அந்த நிலத்து மணலேதான். மூன்று சல்லடையில் சலித்து, ஏழு முறை கழுவியது. விலைக்கு வாங்கியது கூடைகள் மட்டும். பத்து வாரமாக எட்டாம் வரிசையில் அளவு தொண்ணூற்றேழுக்குக் கீழே போனதில்லை. கொட்டகைச் சுவரில் தொங்கும் வெள்ளைப் பலகையில் தேதி வாரியாக எழுதியிருந்தது. திங்கட்கிழமையிலிருந்து பலகை காலி.

அக்கா தொட்டிக்குப் போய் மூடியைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அடித்தளம் தெரிந்தது. தொட்டி செய்த கம்பெனியின் முத்திரைகூடத் தெரிந்தது. அவ்வளவு தெளிந்த தண்ணீரை அந்தத் தொட்டியில் நான் பார்த்ததில்லை.

“தண்ணி நல்லாத்தானே இருக்கு?” என்றேன்.

“அதான் பயமா இருக்கு.”

மணல் பீப்பாயின் மூடியையும் திறந்தார். பத்து வாரமாகத் துருவைப் பிடித்துக் காவி நிறமாகியிருந்த மணல், கடற்கரை மணல் போல வெளுத்திருந்தது. அதை ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். சட்டைப் பையிலிருந்து பேனா போன்ற மீட்டரை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் நனைத்தார். ஆறுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய எண் மூன்று புள்ளி எட்டில் நின்றது. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும்.

மச்சான் கொட்டகையிலிருந்து மூன்று குவளை தேநீரோடு வந்தார். அக்கா இல்லாத ஐந்து நாளும் தோட்டம் அவர் பொறுப்பு.

“பாத்தியா தண்ணிய?” என்றார் அக்காவிடம். “மினரல் வாட்டர்லா. போத்தல்ல அடைச்சி விக்கலாம்.”

“எப்ப இருந்து இப்படி?”

“செவ்வாக்கெழம.”

“என்ன போட்டீங்க?”

மச்சான் தேநீரை ஒரு வாய் குடித்தார். “கொஞ்சம் ஆசிட்.”

“என்ன ஆசிட்?”

“நம்ம ஆசிட்தான்.”

நம்ம ஆசிட் என்றால் என்ன என்று எங்கள் மூவருக்கும் விளக்கத் தேவையில்லை. ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம். மச்சான் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பதினேழு வயதிலிருந்து, தோட்டம் விற்கப்பட்டு வீடுகளாகும் வரை, பால் ஸ்டோரில் வேலை. ரப்பர்க் காட்டிலிருந்து வரும் பாலைத் தட்டுகளில் ஊற்றி, தண்ணீர் கலந்து, அமிலம் விடுவார். மதியத்துக்குள் தட்டில் வெள்ளைக் கட்டியும் மேலே தெளிந்த தண்ணீரும் பிரிந்து நிற்கும். எந்தப் பாலுக்கு எத்தனை மூடி அமிலம் என்று முகர்ந்தே சொல்வார் என்பார்கள். பிறகு இருபது வருடம் புந்தோங்கில் கச்சான் பூத்தே என்ற வறுத்த கடலை வகைகள் செய்யும் ஒரு கடைக்கு லாரி ஓட்டினார். ஆனாலும் யாராவது என்ன வேலை என்று கேட்டால் முதலில் பால் ஸ்டோரைத்தான் சொல்வார்.

“ஏன் போட்டீங்க?” என்றார் அக்கா.

“நீ போன மறுநாளே தண்ணி செகப்பா வந்துச்சு. ராத்திரி பூரா விட்டேன், படியல. கலங்கலாவே நிக்கிது. செடிக்கு விடணும். சரி, ஒறைய வச்சிருவோம்னு அர லிட்டர் வாங்கியாந்து ஊத்தினேன். ஒரு மணி நேரத்துல பாத்தா இப்படி.” தொட்டியைக் கையால் காட்டினார். “மறுநாள் அடுத்த தோங் தண்ணி நெறைக்கிறப்போ மிச்சம் கால் லிட்டர்தான் இருந்துச்சு. அதயும் ஊத்தினேன்.”

“பிஎச் பாத்தீங்களா?”

“கண்ணால பாத்தேன்.”

“கண்ணுதான் மீட்டரா?”

“அம்பது வருசமா அந்த மீட்டரு கெடல.”

“ஒறைஞ்ச கட்டி எங்க?”

மச்சான் தொட்டிக்குள் பார்த்தார். முதல் முறையாகக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தார்.

“பால் ஒறைஞ்சா கட்டி இருக்கணும்ல?” என்றார் அக்கா. “இவ்வளவு துரு இருந்துச்சு. தண்ணி தெளிஞ்சிருச்சு. அடியில ஒண்ணும் இல்ல. எங்க போச்சு?”

அக்கா கத்தவில்லை, குற்றம் சொல்லும் குரலும் இல்லை. தொழிற்சாலையில் ஒரு எண் சரியில்லை என்றால் அதை எழுதியவரிடம் கேட்பது போலக் கேட்டார். பத்திரிகையில் ஒரு செய்தியைச் சரிபார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: காணாமல் போனது எங்கே போனது? அதைக் கேட்க மறந்த இரவுகள் எனக்கு உண்டு.

அக்கா கொட்டகையிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலைக் கொண்டுவந்து தொட்டித் தண்ணீரைப் பிடித்தார். தெளிந்த தண்ணீர். வெயிலுக்கு எதிரே பிடித்தால் பின்னால் இருந்த மலை இடவலம் மாறித் தெரிந்தது.

“ஒங்க சுண்ணாம்பு டப்பாவக் குடுங்க.”

மச்சான் வெற்றிலை போடுபவர். இடுப்பு மடிப்பிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தார். “வெத்தல வேணாமா?” என்றார், பாதி சிரிப்போடு. அக்கா விரல் நுனியில் சுண்ணாம்பை எடுத்துப் போத்தலில் கரைத்து, மூடிக் குலுக்கி, சட்டத்தின் மேல் வைத்தார். நாங்கள் மூவரும் நின்றபடி தேநீர் குடித்தோம். நான் வாங்கி வந்திருந்த ரொட்டி சானாய் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை.

முதலில் தண்ணீர் வெளுத்தது. பிறகு மஞ்சள். குவளைத் தேநீர் முடிவதற்குள் போத்தல் முழுக்க ஆரஞ்சுத் திப்பிகள் மிதந்தன. இன்னும் சிறிது நேரத்தில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து கீழே இறங்க ஆரம்பித்தன.

மச்சான் குவளையைக் கீழே வைத்துவிட்டுப் போத்தலைக் கையில் எடுத்தார். நெடுநேரம் பார்த்தார்.

“ஆசிட் போட்டா துரு கரைஞ்சிருதா?”

“ம்.”

“பாலுன்னா ஒறையுது.”

“துருன்னா கரையுது.”

“அப்ப நேர்த் தலகீழு.”

“தலகீழுதான். கரைஞ்சி தெளிஞ்ச மாதிரி நிக்கும். மணல்ல நிக்காது, உள்ளாரப் போயிரும். மணல்ல பத்து வாரமா புடிச்சி வச்ச துருவையும் சேத்துக் கரைச்சி எடுத்துட்டுப் போயிருச்சு. அடுத்து ஆசிட் கம்மியா உள்ள தண்ணி வந்ததும் குழாய்க்குள்ளயே திரும்பத் துருவாயி ஒக்காந்துருச்சு. கடைசி வரிசைக்கு வர்றதுக்குள்ள எல்லா வாயும் அடைச்சிக்கிச்சு.”

பிறகு, இதே குரலில், “தப்பு எனக்கும் இருக்கு,” என்றார். மூன்று வாரமாக மழை இல்லை. குட்டை இறங்கியிருந்தது. தண்ணீர் உறிஞ்சும் குழாயின் வாய் இப்போது ஏறக்குறைய சேற்றில் கிடந்தது. காற்றே படாத அடித்தண்ணீரைத்தான் பம்பு எடுத்துக்கொண்டிருந்தது. கூடைகளில் இறங்கி வரும் நேரம் அவ்வளவு இரும்புக்குப் போதவில்லை. “போறதுக்கு முன்னாடி நான் பாத்துருக்கணும். பேரப்புள்ள நெனப்புல விட்டுட்டேன்.”

சொல்லிவிட்டு எழுந்து மழைநீர்த் தொட்டிகளைப் பார்க்கப் போனார். கூரையில் விழும் மழையைப் பிடிக்க இரண்டு தொட்டிகள். ஒன்றில் முக்கால், ஒன்றில் கால். செடிக்கு அரை லிட்டர் வீதம் காலையும் மாலையும் கையால் ஊற்றினால் ஒரு நாள் முழுக்கத் தாங்கும். அடுத்த நாள் காலை வரைகூட இழுக்கலாம். அதற்குள் எண்ணூறு முனைகளும் சுத்தமாகித் திறக்க வேண்டும்.

“புது முனை வாங்கி மாத்தலாமா?” என்று கேட்டேன்.

“குழாய்க்குள்ள இருக்கிற துரு புது முனையயும் அடைக்கும்.”

மச்சான் இன்னும் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றார். திப்பிகள் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சேர்ந்திருந்தன.

“ஏ,” என்று அக்காவைக் கூப்பிட்டார். “ஆசிட் துருவக் கரைக்கும்னா, குழாய்க்குள்ள ஒக்காந்திருக்கிற துருவையும் கரைக்கும்தானே?”

அக்கா திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் நான் பார்த்தது தொழிற்சாலையில் யாராவது சரியான விடையைச் சொன்னால் வரக்கூடிய முகமாக இருக்க வேண்டும். பதில் சொல்வதற்கு முன் ஒரு கணக்குப் போட்டார், உதடு அசைந்தது.

“செடிக்குள்ள போகக் கூடாது.”

“முனைய எல்லாம் பையிலேருந்து புடுங்கிப் போட்டுருவோம்.”

“எண்ணூறு இருக்கு.”

“தெனம் எண்ணூறு ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுத்தவன் மகன்லா நானு.”

“ஒங்கப்பா வெட்டினாரு. நீங்க ஸ்டோர்ல நெழல்ல நின்னீங்க,” என்றார் அக்கா. அன்று காலை அவர் முதல் முறை சிரித்தது அப்போதுதான்.

முதலில் செடிகளுக்குத் தண்ணீர். கை வண்டியில் பீப்பாயை ஏற்றி நான் தள்ள, அக்கா ஒவ்வொரு பைக்கும் அரை லிட்டர்க் குவளையால் ஊற்றினார். எட்டாம் வரிசையிலிருந்து தொடங்கி ஒன்றாம் வரிசைக்கு வந்தோம். நான்கு வரிசைக்குப் பிறகு அவர் ஊற்றுவதை வேடிக்கை பார்த்தேன். குவளை தண்டை ஒட்டி விழாது, பையின் ஓரத்தைச் சுற்றி வரும். சொட்டும் சிந்தாது. இடையிடையே ஒரு பையைச் சாய்த்து அடியில் வடியும் தண்ணீரை மீட்டரில் பார்த்தார். எட்டாம் வரிசையில் நான்கு புள்ளி ஆறு. ஒன்றாம் வரிசையில் நான்கு புள்ளி மூன்று. புளிப்புத் தண்ணீர் அதிகம் போய்ச் சேர்ந்தது அங்கேதான். அந்தப் பக்கத்து வரிசைகளுக்கு மட்டும் இரண்டாம் முறை ஊற்றி அலசினார்.

அதற்குள் மச்சான் முனைகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். இரண்டு கையாலும், ஒரே நேரத்தில் இரண்டு பக்கச் செடிகளிலும். பிடுங்கிய முனையைப் பைகளுக்கு இடையே மணலில் போட்டார். பத்தரை மணிக்குள் எட்டு வரிசையும் முடிந்திருந்தது. பிறகு புந்தோங்குக்கு மோட்டார் சைக்கிளில் போய், இன்னும் ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுத்துப் பிழைக்கும் கூட்டாளி ஒருவரிடமிருந்து ஒரு போத்தல் அமிலம் வாங்கி வந்தார்.

அக்கா முதலில் செய்த காரியம், பாசியைக் கொல்ல வைத்திருந்த குளோரின் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் என் வண்டிக்குள் வைத்துக் கதவைப் பூட்டியது. அமிலமும் அதுவும் ஒன்று சேர்ந்தால் வரும் வாயு ஆளைக் கொல்லும். “ரெண்டும் ஒரே கொட்டகையில இன்னிக்கி இருக்கக் கூடாது,” என்றார். மச்சானுக்குக் கையுறை கொடுத்தார். “இருபத்திரெண்டு வருசம் கையுற செய்யிற எடத்துல இருந்துருக்கேன். இன்னிக்கித்தான் எனக்கு ஒதவுது.”

அமிலத்தைக் கலக்கியது மச்சான். அங்கே நான் பார்த்தது வேறு ஒருவரை. சிறு பீப்பாயில் முதலில் தண்ணீரை நிரப்பினார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்கு முதுகு காட்டி நின்றார். என்னைப் பத்து அடி தள்ளிப் போகச் சொன்னார். பிறகு அமிலத்தைப் பீப்பாயின் ஓரமாக, நூல் போல, நிறுத்தி நிறுத்தி விட்டார். ஒரு சொட்டும் தெறிக்கவில்லை. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அதை உடம்பு செய்வதை அன்றுதான் பார்த்தேன். எறும்பை நசுக்கினால் வரும் வாடை பத்து அடி தாண்டி வந்தது.

“போதும்,” என்றார் மச்சான், முகர்ந்து.

அக்கா மீட்டரை விட்டுப் பார்த்தார். அவர் நினைத்திருந்த எண்ணுக்கு ஒரு புள்ளி மேலே நின்றது.

“இன்னும் ரெண்டு மூடி.”

“போதும்னு மூக்கு சொல்லுது.”

“மீட்டரு ரெண்டு மூடின்னு சொல்லுது.”

இரண்டு மூடி விட்டார்.

பம்பை ஓடவிட்டு, கடைசி முனையில் புளிப்பு வந்து சேரும் வரை அக்கா எட்டாம் வரிசையில் காத்திருந்தார். வந்ததும் கையை உயர்த்தினார். மச்சான் பம்பை நிறுத்தினார். அமிலம் குழாய்களுக்குள் நின்றது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் ரொட்டி சானாயைப் பிரித்தோம். தோல் போல இருந்தது. சாப்பிட்டோம்.

ஒரு மணிக்கு எட்டு வரிசைக் குழாய்களின் கடைசி மூடிகளையும் கழற்றிவிட்டுப் பம்பை மறுபடி ஓட்டினார்கள். குழாய்களின் வாயிலிருந்து வந்தது கெட்டித் தேநீர். மணலில் ஆரஞ்சு வாய்க்கால்கள் ஓடின. அது குட்டைக்குப் போகாதபடி அக்கா முன்பே ஒரு குழி வெட்டி, அதில் சுண்ணாம்புத் தூள் கொட்டி வைத்திருந்தார். அதை எப்போது செய்தார் என்று நான் கவனிக்கவில்லை.

மாலைக்குள் இரண்டு முறை கழுவியாயிற்று. செடிகளுக்கு இன்னொரு முறை கையால் தண்ணீர். ஏழாம் வரிசை நிமிர்ந்திருந்தது. எட்டாம் வரிசையில் இன்னும் சில செடிகள் தொங்கின. அவற்றின் அடியில் வெள்ளைப் பூக்கள் கிடந்தன. அக்கா அவற்றைப் பார்த்தார், எண்ணவில்லை.

சனிக்கிழமை குட்டைக்கான நாள். இரண்டு நீல நிறக் காலிப் பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டி, அவற்றின் நடுவே உறிஞ்சு குழாயைத் தொங்கவிட்டு, மச்சான் இடுப்பளவு தண்ணீரில் தள்ளிக்கொண்டு போனார். இனி குட்டை ஏறினாலும் இறங்கினாலும் குழாயின் வாய் மேல்மட்டத்திலிருந்து இரண்டடி ஆழத்தில்தான் இருக்கும். காற்றுப் பட்ட தண்ணீர் அது. அதற்குள் அக்கா தொட்டியைக் காலி செய்து, மணலை மறுபடி கழுவி, புதுத் தண்ணீர் ஏற்றி, கரைத்த சுண்ணாம்பைக் கூடைகளின் உச்சியில் அளந்து விட்டார். தொட்டி சிவந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்து நிம்மதியடைந்த இரண்டு பேரை அன்றுதான் பார்த்தேன். மாலையில் மச்சான் மூடியைத் திறந்து கையை விட்டு, தண்ணீருக்கு அடியில் விரல்களைத் தேய்த்தார்.

“இப்பத்தான் கட்டி இருக்கு,” என்றார்.

இருட்டுவதற்கு முன் அவர் கொட்டகைக்குள் போனார். நான் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். வெள்ளைப் பலகையின் முன் நின்று பேனாவைத் திறந்தார். எழுதுவது அக்காவின் வேலை. அவர் அந்தப் பலகையில் எழுதி நான் பார்த்ததில்லை. காலியாக இருந்த செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில், “ஆசிட் அரை லிட்டர், நான்” என்று எழுதினார். புதனில், “ஆசிட் கால் லிட்டர், நான்.” எழுத்து பெரிது பெரிதாக இருந்தது, இரண்டாவது ‘நான்’ கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. செய்தித்தாளில் திருத்தம் போட நேர்ந்தால், அதைக் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் சின்ன எழுத்தில் போடுவோம். பலகை கொட்டகைக்குள் நுழைந்தவுடன் கண்ணில் படும் இடத்தில் இருந்தது.

அக்கா உள்ளே வந்தார். படித்தார்.

“நம்மன்னு எழுதாம ஏன் வெறும் ஆசிட்டுன்னு எழுதினீங்க?” என்றார்.

“எடம் பத்தல.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு மூவரும் எட்டாம் வரிசையின் கடைசியில் இருந்தோம். தொட்டித் தண்ணீர் இரவில் தெளிந்திருந்தது. அடியில் துரு தெரிந்தது. மீட்டர் ஆறு புள்ளி இரண்டு காட்டியது. மழைநீர்த் தொட்டிகள் இரண்டும் காலி. முனைகளை மறுபடி பைகளில் செருகும் வேலையை மச்சான் முதல் நாள் இரவே விளக்கை வைத்துக்கொண்டு முடித்திருந்தார். கடைசி ஒன்றை மட்டும் செருகாமல் வைத்திருந்தார்.

“பம்பு,” என்றார் அக்கா.

மச்சான் போய் விசையைத் தட்டிவிட்டு, வரிசைகளுக்கு இடையே ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார். அக்கா போத்தலை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முனையைப் போத்தலுக்குள் விட்டார்.

“மூத்த பேரன் குடிச்ச போத்தலு,” என்றார் என்னிடம். “அவன் இவ்வளவு நேரம் எடுக்க மாட்டான் மாப்ளே.”

“பேசாம புடிங்க,” என்றார் அக்கா. கைத்தொலைபேசியில் விநாடிகள் ஓடின.

மூன்று நிமிடம் ஆனதும் முனையை எடுத்துப் பையில் செருகிவிட்டு, மச்சான் போத்தலைத் தன் கண்ணுக்குக் கொண்டுபோகாமல் அக்காவின் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

தொண்ணூற்று நான்கு மில்லி இருந்தது.